டார்ச்சு யாரு புடிப்பாங்க?

பசங்க எழுதினத ஆன்லைன்ல போட்டு வகுப்பு மொத்தமும் பார்த்துப் பேசறது நல்லதா இல்லையான்னு எங்க ஸ்டாஃப் ரூம்ல ரொம்ப நாளா ஒரு பேச்சு ஓடிட்டிருக்கு. கணக்கு சார் ஒரே பிடியா நிக்கறார், பத்து பேர் பார்க்கற இடத்துல எந்தக் குழந்தையும் உள்ளத எழுதாது, அழகா தெரியறதத்தான் எழுதும்னு. நான் அதுக்கு நேர் எதிர். டீச்சர் ஒருத்தி மட்டும் செவப்புப் பேனாவோட படிக்கறதுக்காக ஒரு பிள்ளை எதுக்கு மெனக்கெடணும், படிக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாத்தானே அது யோசிச்சு எழுதும்னு சொல்லிட்டே இருந்தேன். பெல் அடிச்சா ரெண்டு பேரும் அவங்கவங்க வகுப்புக்குப் போயிடுவோம், பேச்சு அங்கயே நின்னுடும். ஆனா அவர் சொன்னது எனக்கு விடல. ராத்திரி சமைக்கறப்பக்கூட அதையே மனசுல திருப்பித் திருப்பிப் போட்டுட்டிருந்திருக்கேன்.

அது விடாததுக்குக் காரணம் பக்கத்து ஸ்கூல் டீச்சருங்க எல்லாம் கூடற ஒரு கிளஸ்டர் மீட்டிங். அங்க புரொஜெக்டர்ல ஒரு டிஜிட்டல் சுவர் காட்டினாங்க, பேட்லெட் மாதிரி, கலர் கலரா கட்டங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு பிள்ளையோட கவிதை, கீழ கமெண்ட். மழை பத்தி, அம்மா பத்தி, மரம் பத்தி. எல்லாத்துக்கும் கீழ சூப்பர், சூப்பர், சூப்பர்டா, இதயம், கைதட்டல், மறுபடி சூப்பர். பார்த்தவங்க எல்லாம் கைதட்டினாங்க, எனக்கும் அந்தப் பிள்ளைங்க முகம் எப்படி மலர்ந்திருக்கும்னு நினைச்சா சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு கமெண்ட்லகூட அந்தக் கவிதை இல்ல. மழைக் கவிதைக்குக் கீழ இருக்கற சூப்பர எடுத்து மரக் கவிதைக்குக் கீழ ஒட்டினா யாருக்கும் தெரியாது. கமெண்ட் போட்ட பிள்ளை அதப் படிச்சுதா, படிச்சா எந்த வரி அதுக்குப் பிடிச்சுது, எது புரியல, எதுவும் தெரியாது. எழுதின பிள்ளை அந்தச் சூப்பர வச்சு அடுத்ததா என்ன பண்ணும்? இன்னொரு மழைக் கவிதை எழுதும், அவ்வளவுதான். கணக்கு சார் சொல்றது சரியா இருக்குமோங்கற பயம் எனக்கு அன்னிக்குத்தான் வந்துச்சு.

நான் இருக்கறது பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கா, மூலத்தறை வாய்க்கால் தண்ணி பாயற பக்கம். கோபாலபுரம் தாண்டினா பொள்ளாச்சி ரோடு. எட்டாங்கிளாஸ், ஒம்பதாங்கிளாஸ் தமிழ் மீடியத்துக்குத் தமிழ் எடுக்கறேன். பசங்க வீட்ல கொங்குத் தமிழ், பஸ்ல மலையாளம், புக்ல ரெண்டும் இல்லாத இன்னொண்ணு. இதெல்லாம் இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

பகிர்றதும் பேசறதும்

கேரளாவுல பசங்க எழுத்த வெளிய கொண்டு வர்றதுக்குப் பஞ்சமே இல்ல, இத நான் பெருமையாவே சொல்வேன். ஒவ்வொரு ஸ்கூல்லயும் கையெழுத்து மாசிகை உண்டு, வித்யாரங்கம் கலா சாகித்ய வேதின்னு பசங்களுக்கான கலை இலக்கிய மன்றம் உண்டு. கேரளாவுல நூலக இயக்கத்த வளர்த்த பி.என்.பணிக்கர் இறந்த ஜூன் 19ஆம் தேதிய 1996லேர்ந்து வாசிப்பு நாளா கொண்டாடறாங்க, அந்த வாரம் முழுக்க ஸ்கூல்ல ஏதாவது ஒண்ணு வாசிச்சுக்கிட்டே இருப்பாங்க. 2009ல ஸ்கூல்விக்கின்னு ஸ்கூல்களுக்கான ஒரு விக்கி இணையதளம் ஆரம்பிச்சாங்க. 2020 ஊரடங்குல அக்ஷரவிருக்ஷம்னு ஒரு திட்டம் போட்டு, வீட்ல அடைஞ்சு கிடந்த பிள்ளைங்க எழுதின கதை, கவிதை, கட்டுரைன்னு 50,000க்கு மேல அந்த விக்கியில ஏத்தினாங்க. தன் பேர நெட்ல பார்த்த பிள்ளைக்கு அந்த நேரத்துல அது எவ்வளவு பெரிய தெம்பு. அதக் குறைச்சுப் பேச எனக்கு மனசு வராது.

ஆனா அது பகிர்றது. பேசறது வேற வேலை. விக்கிய செஞ்சவங்களுக்கே இது தெரிஞ்சிருக்கு, தமிழ் விக்கிப்பீடியாவுல பாருங்க, ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்துலயே 'பேச்சு'ன்னு இன்னொரு பக்கம் இருக்கும், மலையாளத்துல அதுக்கு சம்வாதம்னு பேர். கட்டுரை எப்படி இருக்குதோ அது ஒரு பக்கம், அது ஏன் அப்படி இருக்கு, எது சரியில்ல, யாரு என்ன கேட்டாங்கங்கறது இன்னொரு பக்கம், அதுக்கு மேல யாரு எப்ப எந்த வரிய மாத்தினாங்கன்னு வரலாறு தனியா. படிக்க வர்றவங்க முக்கால்வாசிப் பேர் அந்தப் பேச்சுப் பக்கத்த தொறந்துகூட பார்க்க மாட்டாங்க. வகுப்புல எனக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான். சுவர்ல ஒட்டின கவிதை எனக்கு ரெண்டாம்பட்சம்.

எங்க ஏற்பாடு ரொம்ப எளிசு. 2018ல ஹைடெக் ஸ்கூல் திட்டத்துல கேரளாவுல எட்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் 45,000 வகுப்பறைக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் கொடுத்தப்ப எங்களுக்கும் வந்துச்சு. பசங்களுக்கு ஆளுக்கொரு லாக்-இன். அவங்கவங்க எழுதினத ஒரு டாக்குமென்ட்டா ஷேர் பண்ணுவாங்க, மத்த பசங்க அதப் படிச்சுட்டு கமெண்ட் போடுவாங்க. போன் ஸ்கூலுக்குக் கொண்டு வரக் கூடாது, வீட்ல இருக்கறதும் அப்பாவோட போன், அவர் வேலை முடிஞ்சு வந்து, சாப்பிட்டு, ரெண்டு பேர்கிட்ட பேசி முடிச்சாத்தான் பிள்ளை கைக்கு வரும். அதனால எங்க வகுப்போட கமெண்ட் எல்லாம் ராத்திரி எட்டரைக்கு மேலதான் வந்து விழும். டவர் வேற, கிணத்து மேட்டுல நின்னா தமிழ்நாட்டு டவர், வீட்டுக்குள்ள வந்தா கேரளா டவர், நடுவுல கொஞ்ச நேரம் ரெண்டும் இல்ல. டைப்பிங்தான் பெரிய மலையா இருக்கும்னு நினைச்சிருந்தேன், ஆனா பசங்க ஐ.டி. லேபுல மலையாளம் அடிக்கக் கத்துக்கறது இன்ஸ்கிரிப்ட் கீபோர்டுல, அந்த முறையில இந்திய மொழிக்கெல்லாம் எழுத்துங்க ஒரே இடத்துல இருக்கு, மலையாள ககரம் இருக்கற பட்டன்தான் தமிழ் ககரத்துக்கும். நம்ம ழகரமும் அவங்க ழகரமும்கூட ஒரே பட்டன். மொழிய மட்டும் மாத்திட்டா விரல் தானா போகுது. லேபுல அத முதல்ல கண்டுபிடிச்ச பொண்ணு போட்ட சத்தத்துல பக்கத்து ரூம் டீச்சர் எட்டிப் பார்த்தாங்க.

அப்புறம் ஒரே ஒரு கட்டளை. கமெண்ட் கேள்வியா இருக்கணும். சூப்பர் சொல்லணும்னா நேர்ல போய்ச் சொல்லிக்கோங்க, எழுத்துப்பிழை நான் பார்த்துக்கறேன், நீங்க அதத் தொடாதீங்க. உங்களுக்கு உண்மையாவே தெரியாத, தெரிஞ்சுக்க ஆசையா இருக்கற ஒண்ண மட்டும் கேளுங்க. இதயம், கட்டைவிரல் எல்லாத்தையும் செட்டிங்ஸ்ல போய் ஆஃப் பண்ணிட்டேன். முதல்ல பசங்களுக்கு அது பிடிக்கவே இல்ல, ஏனுங்க டீச்சர் இதயத்த எடுத்துட்டீங்கன்னு ஒரு வாரம் கேட்டுட்டே இருந்தாங்க.

தெரியாதவ கேட்கறது

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்கறது நமக்கு ஒண்ணும் புதுசில்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளை இருந்தான். 1789ல மெட்ராஸ் எழும்பூர்ல ஆதரவில்லாத பையன்களுக்கான விடுதிக்குப் பொறுப்பேத்துக்கிட்ட ஆண்ட்ரூ பெல்ங்கற பாதிரியார், இந்த ஊர்ப் பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் படிக்கறதப் பார்த்துட்டு அத தன் பள்ளிக்கூடத்துல கொண்டு வந்தார், தெரிஞ்ச பையன விட்டே தெரியாத பையனுக்குச் சொல்லிக்கொடுக்க வச்சார், 1797ல லண்டன்ல அதப்பத்தி எழுதி அச்சடிச்சார். மெட்ராஸ் முறைங்கற பேர்ல இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்கள்ல அது பரவிச்சு. இப்ப பியர் லேர்னிங்னு நமக்கே டிரெய்னிங் கொடுக்கறாங்க.

ஆனா சட்டாம்பிள்ளைக்கும் நான் சொல்றதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. சட்டாம்பிள்ளைக்கு விடை தெரியும், எதிர்ல இருக்கறவனுக்குத் தெரியாது, அதனால இவன் திருத்துவான். வாய்ப்பாட்டுக்கு அது சரி. ஒரு பிள்ளை தன் வீட்ட பத்தி எழுதறப்ப விஷயம் தலைகீழ். விடை எழுதினவன்கிட்ட இருக்கு, படிக்கறவளுக்கு ஒண்ணும் தெரியாது. இங்க தெரியாததுதான் படிக்கறவளோட பலம். அவ திருத்த ஆரம்பிச்சா அந்தப் பலம் போயிடும், கேட்டா மட்டும்தான் அது வேலை செய்யும். டீச்சரான எனக்கு அது அவ்வளவு வராது, ஏன்னா முப்பது வருஷமா இந்த ஊர்லயே இருந்து எல்லாம் தெரிஞ்ச மாதிரி படிச்சுட்டுப் போயிடுவேன்.

இதுல எனக்குப் பிடிச்ச ஆள் செலஸ்தீன் ஃப்ரெனே. பிரெஞ்சுக்காரர், முதல் உலகப்போர்ல நெஞ்சுல குண்டடி பட்டவர், நுரையீரல் கெட்டுப்போய் வகுப்புல ரொம்ப நேரம் சத்தமா பேச முடியாது. பார்-சூர்-லூப்னு ஒரு சின்ன ஊர்ல வாத்தியார். 1920கள்ல அவர் வகுப்புக்குள்ள ஒரு சின்ன அச்சு இயந்திரம் கொண்டு வந்து வச்சார். பசங்க இஷ்டப்பட்டு எழுதினத வகுப்புல படிப்பாங்க, ஓட்டுப் போட்டு ஒண்ண எடுப்பாங்க, அத போர்டுல எழுதி எழுதினவனையும் கூட வச்சுக்கிட்டு எல்லாருமா பேசிச் சரிபண்ணுவாங்க, அப்புறம்தான் எழுத்து கோத்து அச்சடிக்கறது. அச்சடிச்சத தூரத்துல பிரிட்டனி பக்கம் இருக்கற இன்னொரு ஸ்கூலுக்குத் தபால்ல அனுப்புவாங்க, அங்க இருக்கற பசங்க பதிலுக்கு அவங்க ஊரப் பத்தி எழுதி அனுப்புவாங்க. நெட் இல்ல, கரண்ட்டே பெரிசா இல்லாத காலம். பேசினதுக்கு அப்புறம்தான் அச்சுங்கற அந்த வரிசைதான் எனக்கு முக்கியமாப் படுது. இன்னிக்கு நம்ம கைல இருக்கற ஆப் எல்லாம் முதல்ல பப்ளிஷ், அப்புறம் வேணா பேசிக்கோங்கறது.

பேர மறைச்சா பசங்க தைரியமா கேட்பாங்கன்னு சில பேர் சொன்னாங்க, அதையும் செஞ்சு பார்த்தோம். பெரிய டவுன் ஸ்கூல்ல அது நடக்கலாம். எங்க பசங்க எல்லாம் ஒரே பஸ்ல வர்றவங்க, எந்த வீட்ல எத்தனை மாடுன்னு எல்லாருக்கும் தெரியும், ரெண்டு வரி படிச்சதுமே யாருன்னு கண்டுபிடிச்சிடறாங்க. எழுதினவன் மறையல, ஆனா கேட்கறவன் மட்டும் மறைஞ்சுக்கிட்டான், அந்தத் தைரியத்துல வந்த ரெண்டு கேள்வி கேள்வியே இல்ல, குத்தல். அன்னிக்கே பேர திரும்பக் கொண்டு வந்துட்டேன். ரெண்டு பக்கமும் பேர் தெரியட்டும். இதுல எனக்கு ரெண்டாவது யோசனை இல்ல.

வாய்க்காத் தண்ணி

இனி நான் சொல்ல வந்தது. இத இங்க எழுதறதுக்கு அந்தப் பையன்கிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் கேட்டுட்டேன், ஆள் அடையாளம் தெரியற சிலத மாத்தியிருக்கேன்.

வீட்ல ராத்திரி நடக்கற ஒரு வேலைய பத்தி எழுதுங்கன்னு கொடுத்திருந்தேன். வகுப்புல ஒரு பையன், அதிகம் பேச மாட்டான், கடைசிக்கு முன் பெஞ்சு, மத்தியானத்துக்கு மேல கண்ணு சொருகிடும். அவன் நாலு வரி எழுதியிருந்தான். எங்கப்பா ராத்திரி தண்ணி கட்டப் போவார். எங்க முறை 11 மணிக்கு மேலதான் வரும். மடைய தொறந்து விட்டா வயலுக்குத் தண்ணி வரும். வெடியக்காத்தால வருவார். அவ்வளவுதான். பிழை ரெண்டே ரெண்டு. செவப்புப் பேனாவா இருந்தா அதத் திருத்தி, பத்துக்கு நாலு மார்க் போட்டு, விரிவாக எழுதவும்னு கீழ எழுதியிருப்பேன், அவனும் அடுத்த தடவை மழைநீர் உயிர்நீர்னு கைடுல இருக்கற ஒரு பத்தியச் சேர்த்து எழுதியிருப்பான். விரிவாக எழுதவும்னா எந்தப் பக்கம் விரியறதுன்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ராத்திரி அவன் எழுத்துக்குக் கீழ ஒரு கமெண்ட் வந்துச்சு. கேட்டது ஒரு பொண்ணு, அவங்க வீட்ல வயலே கிடையாது, அப்பா கடை வச்சிருக்கார். டார்ச்சு யாரு புடிப்பாங்க?

நாலு வார்த்தைகூட இல்ல. அவ என்ன நினைச்சுக் கேட்டான்னு மறுநாள் கேட்டேன், இருட்டுல மம்முட்டி புடிக்கவே ரெண்டு கையும் வேணுமே டீச்சர், அப்ப டார்ச்சு எப்படிப் புடிப்பாரு, அதான் கேட்டேன்னா. வயல் தெரியாத பிள்ளைக்குத்தான் அது தோணும். நான் எத்தனையோ ராத்திரி வாய்க்கா வரப்புல டார்ச் வெளிச்சம் நகர்றத வீட்டு வாசல்லேர்ந்து பார்த்திருக்கேன், ஒரு நாளும் எனக்குத் தோணினதில்ல.

பையன் ரெண்டு நாள் பதில் போடல. மூணாம் நாள் ராத்திரி அவனோட பக்கம் நீண்டுக்கிட்டே போறத நான் என் போன்ல பார்த்துட்டிருந்தேன். ஒரு வரி வரும், அழியும், மறுபடி வரும். அந்த நாலு வரியில இல்லாத ஒரு ஆள் இப்ப உள்ள வந்துட்டான். டார்ச்சு புடிக்கறது இவன்தான். அப்பா முன்னால நடப்பார், இவன் பின்னால, வெளிச்சம் அப்பா காலுக்கு ஒரு அடி முன்னால விழணும், பின்னால விழுந்தா அவர் நிழலே அவருக்கு வழிய மறைச்சிடும். கண்ணு, இந்தப் பக்கட்டு காட்டுன்னு அப்பா சொல்றதுக்கு முன்னாலயே எந்தப் பக்கம் காட்டணும்னு இவனுக்கு இப்ப தெரியும். தண்ணி வர்றது கண்ணுக்கு முன்னால காதுக்குத் தெரியும், அதுக்கு முன்னால தவக்களை சத்தம் நின்னுடும். ஒரு பாத்தி நெறையறதுக்குள்ள வரப்புல துண்ட விரிச்சு ஒரு தூக்கம், அப்பா எழுப்பினா அடுத்த பாத்தி. வாய்க்கால்ல தண்ணி விடற நாளெல்லாம் இப்படித்தான். காலைல எட்டே முக்காலுக்கு அவன் ஸ்கூல் பஸ்ல இருப்பான்.

பரம்பிக்குளம், ஆழியாறு தண்ணியப் பங்கு போட தமிழ்நாடும் கேரளாவும் 1970ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, மணக்கடவுல கேரளாவுக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணி விடணும்ங்கறது அதுல இருக்கு. இந்தப் பக்கத்துல அந்த நம்பர் தெரியாத ஆள் இல்ல, தண்ணி குறைஞ்ச வருஷம் பேப்பர் முழுக்க அதுதான், பசங்க க்விஸ்ல டக்குன்னு சொல்லுவாங்க. அந்த நம்பர் கடைசியா வந்து சேர்ற இடம் ஒரு பதிமூணு வயசுப் பையன் ராத்திரி 11 மணிக்குப் புடிக்கற டார்ச்சுன்னு எனக்கு எந்தப் பேப்பரும் சொன்னதில்ல. மறுநாள் புரொஜெக்டர்ல ரெண்டு வடிவத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டோம், அவன் சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான். நான் ஒரு வார்த்தையும் பேசல. பசங்களே ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. அந்தப் பொண்ணு இன்னொண்ணு கேட்டா, பாம்பு வருமான்னு. வரும்னான். அதுக்கு மேல பேச்சு எங்கயோ போயிடுச்சு, ஆளாளுக்கு ராத்திரில பார்த்ததச் சொல்ல ஆரம்பிச்சு பீரியட் முடிஞ்சதே தெரியல. அடுத்த வாரம் வந்த எழுத்துல மழைநீர் உயிர்நீர் குறைஞ்சுது, வீடு தெரிய ஆரம்பிச்சுது. கறவை மாட்டுக்கு ராத்திரி தவிடு காட்டறது, அம்மா பொள்ளாச்சி மார்க்கெட்டுக்குப் பூ கட்டறது, ஒரு பொண்ணு படுத்த படுக்கையா இருக்கற பாட்டிய ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கறது. கேள்வியும் மாறிடுச்சு, என்ன பண்ணுவீங்கன்னு கேட்டவங்க எப்படிப் பண்ணுவீங்கன்னு கேட்க ஆரம்பிச்சாங்க.

கணக்கு சார்கிட்ட அத எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். முழுசாப் படிச்சார். பத்து பேர் பார்க்கறதால வந்ததில்ல டீச்சர் இது, ஒருத்தி கேட்டதால வந்ததுன்னார். அத நான் ஒத்துக்கறேன். ஆனா அந்த ஒருத்தி யாருன்னு முன்னாலயே நமக்குத் தெரியாதே, பத்து பேர் பார்த்தாத்தானே அதுல ஒருத்திக்குத் தோணும்னு நானும் சொன்னேன். இதுல ரெண்டு பேரும் இன்னும் அங்கயேதான் நிக்கறோம்.

அந்த ஒரு வரி

இதோட முடிஞ்சிருந்தா நான் இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டேன். ரெண்டு நாள் கழிச்சு இன்டர்வெல்ல அந்தப் பையன் ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னான். டீச்சர், அதுல ஒரு வரிய எடுத்துடலாமுங்களா? எடுத்துக்கோ கண்ணு, உன்னோடதுதானேன்னேன். எடுத்துட்டேனுங்க, ஆனா இன்னும் இருக்குதுங்கன்னான்.

அந்த வரி என்னங்கறத இங்க எழுத மாட்டேன். தண்ணி முறை இருக்கற ஊர்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், ராத்திரி எந்த மடை எத்தனை மணிக்குத் தொறந்துச்சு, யாரு முறை எப்ப முடிஞ்சுதுங்கறது சாதாரண விஷயம் இல்ல, அதுல ரெண்டு குடும்பம் பேச்சுவார்த்தையே நின்னு போன கதையெல்லாம் உண்டு. பையன் பொய் எழுதல, யாரையும் குறை சொல்லவும் இல்ல, பார்த்தத எழுதியிருந்தான். எழுதினதுக்கு அப்புறம் வீட்ல படிச்சுக் காட்டியிருக்கான், அப்பாதான் சொல்லியிருக்கார். அவனுக்கு வந்த பயம் நியாயமான பயம்.

சரி, அழிச்ச வரி எங்கெல்லாம் இருக்குன்னு நானும் ஐ.டி. பார்த்துக்கற சாரும் உக்காந்து தேடினோம். இந்த ஷேர் பண்ற டாக்குமென்ட் எல்லாத்துலயும் பழைய வடிவம் சேவ் ஆயிட்டே இருக்கும், எடிட் பண்ற உரிமை உள்ளவங்க பின்னால போய்ப் பார்க்கலாம். நல்லவேளை, மத்த பசங்களுக்குக் கமெண்ட் போடற உரிமை மட்டும்தான் இருந்துச்சு, அவங்களுக்கு அந்த வரலாறு தெரியாது. ஆனா இன்னொரு பையன் அந்த வரிய செலக்ட் பண்ணித்தான் ஒரு கேள்வி கேட்டிருந்தான், அப்படிக் கேட்டா கேள்விக்கு மேல அந்த வரி அப்படியே ஒட்டிக்கும், மூலத்துல அழிச்சாலும் அங்க நிக்கும். கமெண்ட் வந்துச்சுன்னு போற மெயில்லயும் அது இருக்கும். மெயில் போறது எங்க? அப்பாங்க போனுக்கு. ஒரு கையெழுத்து மாசிகையில பக்கத்தக் கிழிச்சா கிழிச்சதுதான், இங்க அழிக்கறதுங்கறது பார்வையில இருந்து நகர்த்தறது மட்டும்தான்.

அந்தக் கமெண்ட்ட முழுசா டெலீட் பண்ணினோம், பக்கத்தப் புதுசா காப்பி எடுத்தோம், கமெண்ட் சேர்க்காம, காப்பிக்குப் பழைய வரலாறு வராது. பழச டிராஷ்ல போட்டு அங்கேயிருந்தும் எடுத்தோம். கேள்வி கேட்ட பையன்கிட்ட நேர்ல பேசினேன், அவன் புரிஞ்சுக்கிட்டான், எங்க வீட்லயும் அப்படித்தானுங்க டீச்சர்னான். போன மெயில ஒண்ணும் பண்ண முடியாது. பெரிசா எதுவும் ஆகல. ஆனாலும் எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

ஏன்னா எனக்குப் பிடிச்சதும் என்னைப் பயமுறுத்தினதும் ஒரே சாமான்தான். நாலு வரி நாப்பது வரியா ஆனத வரி வரியா காட்டற அந்த வரலாறு இல்லைன்னா எழுத்துங்கறது திருப்பித் திருப்பி எழுதறதுன்னு பசங்களுக்கு எப்படிக் காட்டுவேன்? ஆனா நல்ல கேள்வி வந்தா உண்மை வரும், உண்மை வந்தா கூடவே வரக் கூடாத விஷயமெல்லாம் வரும், பதிமூணு வயசுல எத எழுதலாம், எத வீட்டோட வச்சுக்கணும்னு எழுதி முடிச்சதுக்கு அப்புறம்தான் தெரியும். பெரியவங்களுக்கே அப்படித்தான். சூப்பர் மட்டும் வாங்கற மழைக் கவிதைக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, அதுல மறைக்க ஒண்ணும் இல்ல. அதனால உண்மைய எழுதுன்னு கேட்கற டீச்சருக்கு, அதத் திரும்ப எடுத்துக்கறதுக்கு வழி செஞ்சு வைக்கற பொறுப்பும் சேர்ந்தே வருதுன்னு நான் நினைக்கறேன். எந்த ஆப் நல்ல ஆப்னு என்கிட்ட யாராவது கேட்டா இப்ப நான் முதல்ல கேட்கறது அழிச்சா அழியுதாங்கறதத்தான்.

சட்டமும் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருக்கு. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க எல்லாரும் குழந்தைங்கதான், அவங்க விவரத்த எடுக்கணும்னா அப்பா அம்மா சம்மதம் வேணும், அவங்கள வேவு பார்த்து விளம்பரம் காட்டறது கூடாதுன்னு இருக்கு. நம்ம ஸ்கூல்கள்ல இன்னும் வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்லதான் பாதி விஷயம் ஓடுது, அதுல சேர்ந்தா எல்லாரோட நம்பரும் எல்லாருக்கும் தெரியும், பொண்ணுங்க அம்மா நம்பர் உட்பட. படைப்ப அங்க போட்டு பேச விடறத நான் ஒத்துக்கவே மாட்டேன், வசதியா இருக்குன்னு யார் சொன்னாலும் சரி.

மார்க் விஷயம் ஒண்ணு சொல்லிடறேன். மூடுல்ங்கற ஆன்லைன் வகுப்பு மென்பொருள்ல வொர்க்‌ஷாப்னு ஒரு பகுதி இருக்கு, பசங்க ஒருத்தர் எழுத்த ஒருத்தர் மதிப்பிடறதுக்கு. அதுல எழுதினதுக்கு ஒரு மார்க், மதிப்பிட்ட விதத்துக்கு தனியா இன்னொரு மார்க். அந்த ரெண்டாவது மார்க் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க இன்டர்னல்ல அத அப்படியே கொண்டு வர முடியாது, ஆனாலும் நல்ல கேள்வி கேட்டவங்க பேர நோட்டுல குறிச்சு வச்சு அதுக்கும் மதிப்பு கொடுக்கறேன். டார்ச்சு கேள்வி கேட்ட பொண்ணு கட்டுரையில சுமாராத்தான் எழுதுவா. ஆனா அவ படிக்கற மாதிரி படிக்கற ஆள் என் வகுப்புல வேற இல்ல.

அப்புறம், ஆப்ப நம்பி பசங்க எழுத்த அங்கயே விட்டு வைக்காதீங்க, அது இன்னொருத்தர் வீட்டுத் திண்ணைல நெல்லு காயப் போட்ட மாதிரிதான். பசங்க வீடியோ போட்டு பேசிக்கற ஃப்ளிப்ப 2024ல தனி ஆப்பா நடத்தறத நிறுத்திட்டாங்க, அதே வருஷக் கடைசில கூகுளோட ஆன்லைன் ஒயிட்போர்டான ஜாம்போர்டயும் மூடினாங்க. அந்தந்த வகுப்பு எல்லாத்தையும் இறக்கி வச்சுக்கலைன்னா போச்சு. நாங்க டேர்ம் முடிவுல பசங்க சம்மதிச்சத மட்டும் பிரிண்ட் எடுத்து, அவங்க கையால அட்டை வரைஞ்சு, கையெழுத்து மாசிகையோட சேர்த்து லைப்ரரியில வைக்கறோம். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழ அதுக்கு வந்த ஒரு கேள்வியும் கேட்டவங்க பேரும் இருக்கும். அந்தப் பையன் அவனோடத கொடுத்தான், அந்த வரி இல்லாம.

இப்ப எனக்கு ஃப்ரெனே செஞ்ச மாதிரி தூரத்து ஸ்கூல் ஒண்ணு வேணும். தூரம்னா ரொம்ப வேண்டாம், வாய்க்காலுக்கு மேல்பக்கம் இருந்தாப் போதும். ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், பொள்ளாச்சி பக்கம் எட்டாங்கிளாஸ் தமிழ் எடுக்கறவங்க யாராச்சும் இதப் படிச்சீங்கன்னா சொல்லுங்க. இதே தண்ணி முதல்ல உங்க பசங்க ஊர்ல பாஞ்சுட்டுத்தான் எங்களுக்கு வருது, அங்க ராத்திரி என்ன நடக்குதுன்னு எங்க பசங்களுக்குக் கேட்க நிறைய இருக்கு. ரெண்டு ஸ்கூல் எச்.எம்.கிட்டயும் அனுமதி வாங்கணும், வீட்ல கையெழுத்து வாங்கணும், எந்த ஆப்ங்கறத சேர்ந்து முடிவு பண்ணலாம். நெட் படுத்துச்சுன்னா தபால்லகூட அனுப்பலாம், பசங்களுக்கு ஸ்டாம்ப் ஒட்டத் தெரியாது, அதையும் சொல்லிக்கொடுத்துடறேன்.